கேட்கும் வானொலி போதாது, பேசும் வானொலியும் வேண்டும்

ஒரு காலத்தில் லயத்து வீட்டில் வானொலிப் பெட்டியும் குடும்பத்தில் ஒருவராக இருந்தது. செய்தி, பாட்டு, மரண அறிவித்தல் எல்லாம் அதில் வந்தன. ஆனால் அந்தப் பெட்டிக்கு வாய் மட்டுமே இருந்தது, காது இல்லை. நாம் சொல்வதை அது எவரிடமும் கொண்டு செல்லவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைத் தாக்கியபோது இக்குறை பெரிதாகத் தெரிந்தது. மண்சரிவு பாதைகளை மூடியது. மின்சாரம் நின்றது. பல இடங்களில் கைத்தொலைபேசியும் செயலிழந்தது. அடுத்த மலையில் உள்ள உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று அறிய வழியின்றிப் பல குடும்பங்கள் தவித்தன.

ஆகவே, இடம்பெயர்ந்தோர் வாழும் ஒவ்வொரு குடியிருப்பிலும் இருவழி வானொலியைத் தாமே செய்யவும், முறைப்படி இயக்கவும் தெரிந்த ஓர் இளைஞராவது யுவதியாவது இருக்க வேண்டும் என்பது எமது கருத்து.

இது எட்டாக் கனி என்று எண்ண வேண்டாம். இந்நாட்டின் வானொலியே கழித்த பொருளில்தான் பிறந்தது. முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டே, தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பரும் அவரது சகாக்களும் கொழும்பில் ஒலிபரப்புக் கருவியை அமைத்தார்கள். 1920களின் தொடக்கத்தில் நடந்த அச்சோதனைகளின் பயனாக, 1925 டிசம்பர் 16 இல் கொழும்பு வானொலி முறையாக ஆரம்பமாயிற்று.

அண்டை நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான், 2000களின் தொடக்கத்தில் 'பிட்எக்ஸ்' என்ற சிறு கருவியின் வரைபடத்தை எல்லோரும் பயன்படுத்த வெளியிட்டார். அனுப்புவதற்கும் பெறுவதற்கும் அதே சுற்றுப் பகுதிகள் இரு திசையிலும் வேலை செய்வதால் பாகங்கள் குறைவு. சாதாரண டிரான்சிஸ்டர்கள் போதும். கம்பிச் சுருள் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாயில் போடும் வாஷரையே அவர் பயன்படுத்தினார். அதன் வலு சுமார் 6 வாட் மட்டுமே. வாகன பற்றரி ஒன்றே அதை இயக்கும்.

அட்டனிலும் டிக்கோயாவிலும் பழுதுபார்க்கும் கடைகளில் ஒதுக்கப்பட்ட வானொலிகளும் கணினிகளும் வீணாகக் கிடக்கின்றன. அவற்றிலிருந்து செப்புக் கம்பி, கொண்டென்சர், கிறிஸ்டல், டிரான்சிஸ்டர் எனப் பலவற்றைக் கழற்றி எடுக்கலாம். ஒன்று கவனம்: பழைய தொலைக்காட்சியின் படக்குழாய் நிறுத்திய பின்னும் உயர் மின்னழுத்தத்தை வைத்திருக்கும். அனுபவமுள்ளவர் துணையின்றி அதைத் திறக்கக் கூடாது.

எமது மலைகள் தடையாகாவா என்று கேட்கலாம். கையடக்கக் கருவிகளின் உயர் அதிர்வெண் அலை மலை முகட்டில் தடைப்படுவது உண்மைதான். ஆனால் 7 மெகாஹெர்ட்ஸ் சிற்றலை வேறு விதம். மொத்தம் 20 மீற்றர் நீளமான கம்பியை நடுவில் பிரித்து, சில மீற்றர் உயரத்தில் கிடையாகக் கட்டினால், அலை ஏறக்குறைய நேர் மேலே சென்று வான்மண்டலத்தில் பட்டுத் திரும்பும். பகல் வேளையில் மலைக்கு இப்புறமும் அப்புறமும் அது மழைபோல் இறங்கும். இடையில் கோபுரமும் தேவையில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது இதன் பயன் நிரூபணமாயிற்று. இலங்கை வானொலிச் சங்கத்தின் விக்டர் குணதிலகவும் நண்பர்களும் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே சிற்றலைத் தொடர்பை ஏற்படுத்தினார்கள். அந்தமானில் அப்போது தங்கியிருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி, போர்ட் பிளேயரிலிருந்து உறவினரின் செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பினார்.

அனுமதியின்றி ஒலிபரப்புவது குற்றம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழு நடத்தும் பரீட்சையில் சித்தியடைந்தே அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். போர்க் காலத்தில் தமிழ் இளைஞன் கையில் கம்பியில்லாக் கருவி இருந்தால் அது எப்படிப் பார்க்கப்பட்டது என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். அந்த அச்சத்துக்கு ஏற்ற மருந்து ஒதுங்குவது அல்ல. சட்டப்படி அனுமதி பெற்று வெளிப்படையாக இயங்குவதே. பரீட்சைப் பாடங்கள் தமிழில் கிடைக்கச் செய்ய வேண்டியதும் அவசியம்.

"காணியும் வீடும் இல்லாத எங்களுக்கு ரேடியோ எதற்கு?" என்று நீங்கள் கேட்டால், அக்கேள்வி நியாயமானதே. 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. அங்கே ஆபத்து உண்டென 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. மாற்றுக் காணி இல்லாத எச்சரிக்கை எவரையும் காப்பாற்றவில்லை. எனவே வானொலியைக் கொடுத்துவிட்டுக் காணிக் கோரிக்கையை எவரும் தள்ளிப்போட நாம் இடமளிக்கக் கூடாது. காணி கிடைக்கும்வரை அடுத்த மழை காத்திருக்காது என்பதும் உண்மை.

பங்குகளிடம் நாம் கேட்பது பெரிதன்று: வாரம் ஒரு மாலை மண்டபத்தைத் திறந்துவிடுங்கள், ஒரு மேசை, ஈயம் பற்றவைக்கும் கோல், ஒரு பற்றரி தாருங்கள், சங்கத்தினரைக் கற்பிக்க அழையுங்கள். பெற்றோரே, பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள். மழை பலக்கும்போது மற்றவர் நம்மைப் பற்றிப் பேசும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம் நிலைமையை நாமே சொல்லப் பழகுவோம்.