கருப்புக் குதிரையும் இட்லிக்காரியும்

வருடத்துக்கு ஒரு தொகுப்பு என்று கணக்கு வைத்துக்கொண்டு எழுதும் கவிஞர்களைப் பார்த்து அலுத்துப்போன வாசகருக்கு அருண் கொலாட்கர் பெரிய ஆறுதல். 1976இல் ஆங்கிலத்தில் 'ஜெஜுரி', அடுத்த ஆண்டு மராத்தியில் ஒரு தொகுப்பு. அதோடு சரி. அதற்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கு அவரிடமிருந்து புதிய கவிதைத் தொகுப்பு எதுவும் வரவில்லை. 'ஜெஜுரி' 1977இல் காமன்வெல்த் கவிதைப் பரிசு பெற்றிருந்தது. உலகம் திரும்பிப் பார்த்த நேரத்தில் மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு 2003, 2004ஆம் ஆண்டுகளில் மளமளவென்று ஐந்து புத்தகங்கள் வந்தன. மராத்தியில் 'சிரிமிரி', 'பிஜ்கி வஹி', 'துரோண்'. ஆங்கிலத்தில் 'காலா கோடா பொயம்ஸ்', 'சர்ப்ப சத்ரா'. ஆங்கில நூல்கள் இரண்டும் வெளியானபோது கவிஞரின் புற்றுநோய் முற்றியிருந்தது. 2004 செப்டம்பர் 25இல் புனேயில் அவர் காலமானார். இத்தனை ஆண்டுகளில் அவர் எழுதுவதை நிறுத்தவே இல்லை, வெளியிடுவதைத்தான் நிறுத்தியிருந்தார் என்பது வெளியுலகத்துக்குத் தெரிந்த சில மாதங்களிலேயே அவர் இல்லாமல் போனார்.

கோலாப்பூரில் பிறந்து, பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் படித்து, விளம்பர உலகில் பேர்போன வடிவமைப்பாளராகச் சம்பாதித்தவர் கொலாட்கர். வீட்டில் தொலைபேசி வைத்துக்கொள்ளவில்லை. பேட்டி என்றால் காத தூரம். தன் கவிதைகளுக்கு ஊற்றுக்கண் எது என்று மேடையேறி விளக்கும் வழக்கமும் இல்லை. அவரைப் பிடிக்க வேண்டுமானால் ஒரே வழி, காலா கோடாவில் இருந்த 'வேசைட் இன்' உணவகத்துக்குப் போவதுதான். வியாழக்கிழமை மதியங்களில் நண்பர்களோடு அங்கே உட்கார்ந்திருப்பார். அந்த மேஜையிலிருந்து பார்த்தால் தெரிந்த நாற்சந்தியே அவருடைய ஆங்கிலத் தொகுப்பின் களம்.

காலா கோடா என்றால் கருப்புக் குதிரை. ஏழாம் எட்வர்ட் மன்னர் குதிரை மேல் அமர்ந்திருந்த சிலையால் வந்த பெயர். சுதந்திரத்துக்குப் பிறகு, 1965இல், மன்னரையும் குதிரையையும் பைகுல்லா மிருகக்காட்சிசாலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெயர் மட்டும் தங்கிவிட்டது. (2017இல் அங்கே புதிதாக ஒரு குதிரை வைத்தார்கள். இதன் முதுகில் மன்னர் யாரும் இல்லை.) ஜஹாங்கீர் கலைக்கூடம், டேவிட் சசூன் நூலகம் என்று பெரிய மனிதர்களின் பெயர்கள் தாங்கிய கட்டடங்கள் சூழ்ந்த இடம். கொலாட்கரின் கவனமோ அந்தக் கட்டடங்களுக்கு நடுவே நடைபாதையில் குடும்பம் நடத்தியவர்கள் மீதுதான். குப்பை கூட்டும் பெண், பேன் பார்க்கும் காதலி, சிறுவனைப் பிடித்துத் தேய்த்துக் குளிப்பாட்டும் முரட்டுப் பெண், எலிமருந்து விற்பவர், உருளைக்கிழங்கு உரிப்பவர்கள். பழைய சைக்கிள் டயருக்குக்கூட அங்கே ஒரு கவிதை உண்டு.

தொகுப்பின் முதல் கவிதையில் பேசுவது ஒரு தெருநாய். விடிகாலையில், வாகனங்கள் கிளம்புவதற்கு முன், சாலை நடுவேயுள்ள திட்டில் படுத்துக்கொண்டு தன் குலப்பெருமை சொல்கிறது. ஒரு பக்கம் ஆளுநர் பார்ட்டில் ஃப்ரேயர் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவழைத்த வேட்டைநாய். மறுபக்கம் தருமனோடு சொர்க்கத்தின் வாசல்வரை நடந்துபோன நாய். காலனிய ஆட்சியும் மகாபாரதமும் கலந்த வம்சாவளி. பம்பாயில் பிறந்த யாருக்குத்தான் இப்படி இரண்டு தாத்தாக்கள் இல்லை?

தமிழ் வாசகருக்கு விசேஷமாக ஒன்று இருக்கிறது. தொகுப்பின் நீண்ட கவிதைகளில் ஒன்று காலா கோடாவின் காலை உணவைப் பற்றியது. உலகத்தின் பல மூலைகளில் அந்த நேரத்தில் யார் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று சுற்றிவிட்டுக் கவிதை நாற்சந்திக்கு வந்து சேர்கிறது. அங்கே ஒரு பெரிய அலுமினியப் பெட்டி நிறைய இட்லியோடு ஒரு கிழவி வந்து உட்காருகிறாள். குருடன், நொண்டி, குடிகாரன், போதைக்காரன் என்று ஊர் ஒதுக்கிய ஜனமெல்லாம் அவளைச் சூழ்ந்துகொள்கிறது. கத்தோலிக்கர்கள் மேரி மாதாவை அழைக்கும் பாணியில் அவளை இட்லிகளின் மாதாவாக்கி வணங்குகிறார் கவிஞர். கிண்டல் இருக்கிறது, ஆனால் அது அவள்மீது அல்ல. பெட்டி காலியாகிறது, கூட்டம் கலைகிறது, நாற்சந்தி பழையபடி நாற்சந்தியாகிறது. நம் ஊர்களில் இட்லிக்கு எத்தனையோ பேர் புகழ் பாடியிருக்கிறார்கள். பசித்தவன் தட்டில் அது வந்து விழும் கணத்தை இவ்வளவு பொறுமையாகப் பார்த்தவர்கள் குறைவு.

'சர்ப்ப சத்ரா'வின் ஊற்று வேறு. ஜனமேஜயன் தந்தையைக் கொன்ற தட்சகனுக்காகப் பாம்பு இனத்தையே யாகத்தீயில் போடுகிறான். ஆனால் தட்சகனின் பகைக்கும் ஒரு முன்கதை உண்டு. அர்ஜுனனும் கிருஷ்ணனும் காண்டவ வனத்தை எரித்தபோது அவன் மனைவி மாண்டாள். ஆதிபர்வத்தில் இருக்கும் இந்தக் கணக்கை நாக குலத்துப் பெண்ணான ஜரத்காரு, மகன் ஆஸ்திகனிடம் சொல்வதாகக் கவிதை விரிகிறது. காட்டை எரித்தவர்கள் காவிய நாயகர்கள் என்பதை அவள் மறக்கத் தயாரில்லை. ஒரு சமூகமே இன்னொரு சமூகத்தைக் கொளுத்தக் கிளம்பும் காலங்களில் படிக்க வேண்டிய புத்தகம் இது.

'பிஜ்கி வஹி' என்றால் நனைந்த நோட்டுப் புத்தகம். நனைத்தது கண்ணீர். எகிப்தின் ஐசிஸ், டிராய் நகரத்துக் கசாண்ட்ரா, அலெக்சாண்டிரியாவின் ஹைப்பேஷியா, ஸ்டாலின் காலத்தில் கணவனைப் பறிகொடுத்து அவன் கவிதைகளை மனதில் பாதுகாத்த நதேஷ்தா மண்டல்ஷ்டாம் என்று நாடும் நூற்றாண்டும் தாண்டிய பெண்களின் அழுகை அதில் வருகிறது. சாகித்ய அகாடமி இந்த நூலுக்கு 2005ஆம் ஆண்டின் விருதை வழங்கியது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

மொழி விஷயத்தில் கொலாட்கரை ஒரு பக்கமாக நிறுத்த முயன்று பலர் தோற்றிருக்கிறார்கள். மராத்தி நாவலாசிரியர் பாலச்சந்திர நேமாடே, 'ஜெஜுரி'யில் கண்டோபா கோயிலைக் கவிஞர் சுற்றுலாப் பயணியின் கண்ணால் பார்த்திருக்கிறார் என்று சாடினார். பொழுது விடியும்போது பஸ்ஸில் வந்து, பொழுது சாயும்போது ரயில் நிலையத்தில் காத்திருக்கும் ஆளின் கதை என்பதால் குற்றச்சாட்டு வெறும் வம்பு அல்ல. ஆனால் பக்தி இல்லாதவனின் வியப்பும் ஒரு வகைப் பார்வைதானே? ஜெஜுரியின் கல்லும் கடவுளும் அருகருகே கிடப்பதை, எது எதுவென்று தெரியாத தடுமாற்றத்தை, பக்தன் எழுதியிருக்க முடியாது. துக்காராமை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் மீது மண்ணை மறந்தவர் என்ற பழி ஒட்டவும் இல்லை. அவரே இரு மொழியிலும் எழுதிய சில கவிதைகளில் எது மூலம், எது மொழிபெயர்ப்பு என்று சொல்வது கடினம். பம்பாய்த் தெரு இந்தியில் எழுதிய கவிதையை அமெரிக்கக் கொச்சையில் அவரே மாற்றியதும் உண்டு. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள் பொறாமைப்பட வேண்டிய சுதந்திரம்.

பெரிய பதிப்பகங்களைத் தேடி அவர் போகவில்லை. ஆதில் ஜஸ்ஸாவாலா, அரவிந்த் கிருஷ்ண மெஹ்ரோத்ரா, கீவ் படேல் ஆகியோருடன் சேர்ந்து நடத்திய 'கிளியரிங் ஹவுஸ்' தான் 'ஜெஜுரி'யை முதலில் புத்தகமாக்கியது. பிற்காலப் புத்தகங்களை நண்பர் அசோக் சகாணேயின் 'பிராஸ்' வெளியிட்டது. எழுத்துருவும் அட்டையும் மனதுக்குப் பிடிக்கும்வரை காத்திருக்கிற கலைஞருக்கு இது வசதி. வாசகனுக்கு அவ்வளவு வசதியில்லை. பம்பாயைத் தாண்டிப் புத்தகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. நன்றாக விளைந்ததை இத்தனை வருடம் பத்தாயத்தில் பூட்டி வைத்தது சரிதானா என்று அவருடைய ரசிகர்களும் முணுமுணுப்பதுண்டு. நோய் வராமல் இருந்திருந்தால் அந்த ஐந்து புத்தகங்களும் இன்னும் எத்தனை காலம் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்திருக்குமோ!

கடைசி வாரங்களிலும் வேலை ஓயவில்லை. தொகுக்கப்படாமல் சிதறிக் கிடந்த கவிதைகளில் எதெது சேரலாம் என்று மெஹ்ரோத்ராவுடன் பேசி முடிவு செய்தார். அது 'தி போட்ரைட் அண்ட் அதர் பொயம்ஸ்' என்ற பெயரில் 2009இல் வந்தது. மறு ஆண்டு ஆங்கிலக் கவிதைகள் அனைத்தும் ஒரே தொகுதியாக இங்கிலாந்தில் வெளியாயின. உயிரோடு இருந்தபோது கொடுத்ததைவிட வேகமாகக் கொலாட்கர் இப்போது கிடைக்கிறார்.