எடுத்த இடத்தைச் சொல்லுவோமே!



இறுதியாண்டு வந்தால் புராஜெக்ட் ரிப்போர்ட் காய்ச்சலும் கூடவே வந்துவிடும். நம்மில் பலர் சீனியரின் பழைய ரிப்போர்ட்டை வாங்கி, முதல் பக்கத்தில் பெயரை மாற்றி, கடைசிப் பக்கத்தில் கண்ணால் பார்த்திராத நாலு புத்தகத்தின் பெயரைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். "கடைசிப் பக்கத்தை எவம்ல பார்க்கப் போறான்? பைண்டிங் நல்லா இருந்தாப் போதும்" என்பதுதான் ஹாஸ்டல் வேதவாக்கு!

எடுத்த இடத்தைச் சொல்லாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். முழுகும்! நான் சிவில் மாணவன். ஒரு ரிப்போர்ட்டில் "ஐ.எஸ். 456-ன்படி" என்று மட்டும் இருந்தது. எந்த ஆண்டுப் பதிப்பு? 1978 பதிப்பில் கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு எம்15 வரை இடம் இருந்தது. 2000 பதிப்பு அதைக் குறைந்தது எம்20 என்று உயர்த்தியது. ஆண்டை எழுதாமல் விட்டால், அதை நம்பித் தளம் போடுகிறவன் கதி என்ன?

நம்ம கரிசல் மண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் ஊதும், கோடையில் பிளக்கும், சுவரையும் சேர்த்துப் பிளக்கும். அதன் லிக்விட் லிமிட் இவ்வளவு என்று ஓர் எண்ணைப் போட்டால் போதுமா? எந்த ஊர் மண், எத்தனை அடி ஆழத்தில் எடுத்தது, ஐ.எஸ். 2720 ஐந்தாம் பகுதியின்படி சோதித்ததா, யார் சோதித்தார்கள்? இது எதுவும் இல்லாத எண்ணை எப்படி நம்புவது? கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போச்சு!

இது நமக்கு மட்டும் வந்த தொல்லை அல்ல. 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரும் பட்ட பாடுதான். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பல இடங்களில் பழைய வரிகளை எடுத்துக்காட்டுவார்; எந்த நூல் என்று சொல்ல மாட்டார். ஐயர் ஏடு ஏடாகப் புரட்டித் தேட வேண்டியிருந்தது. அவரோ தம் பதிப்புகளில் சுவடி கொடுத்தவர்களின் பெயரையும் ஊரையும் முன்னுரையில் எழுதி வைத்தார்.

இப்போது சிலர் "ஆதாரம்: கூகுள்" என்று போடுகிறார்கள். "எந்த ஊர் தம்பி?" என்று கேட்டால் "பஸ்ஸிலிருந்து வர்றேன்" என்று சொல்வது போலத்தான் இது. ஆசிரியர், நூல், பதிப்பு, வெளியீட்டாளர், ஆண்டு, பக்கம் இவ்வளவுதான் வேண்டும். கோடு என்றால் எண், ஆண்டு, பிரிவு. இதை எழுத ஒரு நிமிஷம் கூட ஆகாது.

நான் புதூர்ப் பக்கத்துப் பையன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அடுத்து எதைப் படிக்கணும் என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. நல்ல புத்தகத்தின் கடைசிப் பக்கம்தான் எனக்கு அண்ணன். அதுதான் அடுத்த புத்தகத்துக்குக் கைகாட்டுகிறது. அதில் பொய்யை எழுதுகிறவன் என்னைப் போல் பின்னால் வருகிறவனைத் தப்பான வழியில் அனுப்புகிறான்.

இன்னொன்றும் சொல்லணும். புத்தகம் மட்டும்தான் ஆதாரமா? எங்க அய்யா கொத்தனார். "கரிசல்ல வானம் தோண்டினா சரள் தட்டுற வரைக்கும் போகணும்ல" என்பார். இதை ரிப்போர்ட்டில் நம் சொந்தச் சரக்கு போல எழுதினால் அதுவும் களவுதான். பெயர், தொழில், ஊர், நேரில் கேட்ட தேதி என்று போட்டால் அது முறையான ஆதாரம். பக்கத்து இடைசெவல் கி.ரா. கரிசல் சனங்களின் பேச்சுவழக்கைத் தொகுத்து அகராதியே போட்டாரே! கையெழுத்துப் போடவே சிரமப்படுகிற ஒருவரின் பெயர், பெரிய பேராசிரியர்களின் பெயரோடு ஒரே பட்டியலில் அச்சாகும். படிக்க வந்த நாம் அவர்களுக்குச் செய்யக்கூடிய மரியாதை இதைவிட என்ன இருக்கிறது?

ஆகவே நண்பர்களே, அடுத்தவர் உழைப்புக்கு அவர் பெயரைப் போடுவோம். அப்போதுதான் நம் பெயர் போட்ட பக்கத்தை நாலு பேர் நம்புவார்கள்!