குதிரைக்குக் குளம்பு சீவ ஆள் இருக்கா?

குதிரை வாங்குவது சுலபம். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவுக்குப் போனால் போதும். காத்தியவாரி, மார்வாரி, மட்டக்குதிரை என்று சந்தை முழுக்கக் குதிரைகள் நிற்கும். பிடித்ததைப் பேரம் பேசி, வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்துவிடலாம். கொள்ளு வாங்கலாம், புல் அறுக்கலாம். இரண்டு மாதம் கழித்துதான் பிரச்னை ஆரம்பிக்கும். 'குளம்பு வளர்ந்துபோச்சே, யாரைக் கூப்பிடுறது?'

கொட்டச்சேட்டில் ஒருவர் குதிரை வளர்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலத்திலிருந்து குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் இருக்கும் ஊர் அது. சுற்றிலும் காபித் தோட்டங்கள், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடிகள். மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் கால்நடை மருத்துவரிடம் போகலாம். குதிரைக்குக் குளம்பு சீவ வேண்டும் என்றால்? தெரிந்தவர்களிடம் விசாரித்தால் பெங்களூரு, ஊட்டி, சென்னை என்று குதிரைப் பந்தயம் நடந்த ஊர்களைத்தான் சொல்வார்கள். ஊட்டி 200 கிலோமீட்டருக்கும் மேல். அங்கிருந்து ஒருவர் வந்து போகும் செலவு, வேலைக்கான கூலியைவிட அதிகமாகிவிடும்.

லாடம் இல்லாமல் நடக்குமா?

நடக்கும். லாடம் என்பது குதிரையோடு பிறந்தது அல்ல. சுமார் 2,400 வருடங்களுக்கு முன்பு குதிரை வளர்ப்பு பற்றி எழுதிய கிரேக்கத் தளபதி செனபோன், லாடம் பற்றிப் பேசவே இல்லை. லாயத்துக்கு வெளியே கையளவு உருண்டைக் கற்களைப் பரப்பி, அதன்மேல் குதிரையை நிற்க வைத்தால் குளம்பு உறுதியாகும் என்றுதான் யோசனை சொன்னார்.

நம் ஊரிலும் அப்படித்தான் பல குதிரைகள் வெறுங்குளம்போடு நடக்கின்றன. கொடைக்கானல் மலையில் உள்ள வெள்ளகவி கிராமத்துக்கு மூட்டை சுமந்து போனவை குதிரைகள்தான். அந்த ஊருக்குள் மனிதர்களும் செருப்பு அணிவதில்லை என்பது இன்னொரு விசேஷம்.

ஆனால், 'லாடம் வேண்டாம்' என்பதற்கு 'கவனிக்க வேண்டாம்' என்று அர்த்தம் இல்லை. குளம்பு நம் நகம் மாதிரி. மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளரும். பழைய குளம்பு முழுதாகத் தேய்ந்து புதுக் குளம்பு வர 9 முதல் 12 மாதங்கள் ஆகும். காட்டில் நாள் முழுக்க ஓடித் திரியும் குதிரைக்கு வளர்ச்சியும் தேய்மானமும் சரியாகிவிடும். கட்டிப்போட்ட குதிரைக்கு அப்படி ஆகாது. முன்பக்கம் நீண்டு, செருப்பு நுனி மாதிரி வளைந்துவிடும். அப்போது ஒவ்வொரு அடியிலும் பின் நரம்புகள் இழுபடும். குதிரையின் எடையில் கிட்டத்தட்ட 60 சதவிகிதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன என்பதை நினைத்துப் பாருங்கள்.

மலையில் இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. தோட்டத்து மண் பாதையில் நடக்கும்வரை வெறுங்குளம்பு போதும். தினமும் தார் ரோட்டில் ஏறி இறங்கினால், வளர்வதைவிடத் தேய்வது அதிகமாகிவிடும். அப்படிப்பட்ட குதிரைக்கு லாடமோ ரப்பர் ஷூவோ தேவைப்படலாம். குதிரை நடக்கும் பாதையைப் பார்த்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும்.

பாண்டியன் இழந்த குதிரைகள்

குளம்பு பார்க்க ஆள் இல்லாத குறை தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. பாண்டிய மன்னருக்குக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர், அந்தப் பணத்தில் திருப்பெருந்துறையில் கோயில் கட்டிய கதை நமக்குத் தெரியும். அந்த அளவுக்குக் குதிரைக்காகக் கஜானாவைத் திறந்தவர்கள் பாண்டியர்கள்.

13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த வெனிஸ் நகரப் பயணி மார்கோ போலோவும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பாண்டிய மன்னர் வருடத்துக்கு 2,000-க்கும் அதிகமான குதிரைகளைக் கப்பலில் வரவழைக்கிறார், வருட முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை என்கிறார். காரணம்? குதிரையைப் பராமரிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்த லாடக்காரர்கள் இங்கே இல்லை. குதிரை விற்க வந்த வணிகர்கள் அப்படிப்பட்டவர்களை அழைத்து வரவும் இல்லை, வர விடவும் இல்லை. குதிரைகள் செத்தால்தானே அடுத்த வருடமும் வியாபாரம் நடக்கும்!

போலோவின் கணக்கு கொஞ்சம் மிகையாக இருக்கலாம். ஆனால், விஷயம் அப்படியே பொருந்துகிறது. குதிரையை விற்க ஆயிரம் பேர் இருப்பார்கள். அதன் காலைத் தூக்கிப் பார்க்க ஒருவர் கிடைப்பதுதான் அபூர்வம்.

கைத்தொழில் எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தில் 1975-ல் வந்த சட்டப்படி, பதிவு பெற்ற லாடக்காரர்தான் குதிரைக்கு லாடம் அடிக்க முடியும். நம் நாட்டில் ராணுவத்தின் கால்நடைப் பிரிவு, மீரட்டில் உள்ள தன் மையத்தில் லாடக்காரர்களுக்கு முறையாகப் பயிற்சி தருகிறது. செங்கல் சூளையிலும் வண்டியிலும் உழைக்கும் குதிரைகளுக்காக இயங்கும் 'புரூக் இந்தியா' அமைப்பு, வட மாநிலங்களில் உள்ளூர் லாடக்காரர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறது.

நம் பக்கத்துச் சந்தைகளில் மாட்டுக்கு லாடம் கட்டுபவர்கள் இருந்தார்கள். மாட்டு வண்டி குறைய, அவர்களும் குறைந்துவிட்டார்கள். மீதி இருப்பவர்களிடம் குதிரையைக் கொண்டுபோகலாமா என்று சிலர் கேட்பார்கள். யோசித்துச் செய்ய வேண்டும். மாட்டுக்குப் பிளவுபட்ட இரட்டைக் குளம்பு. குதிரைக்கு ஒற்றைக் குளம்பு. வெட்டும் கோணமும் அளவும் வேறு வேறு. அவர் கை நல்ல கைதான். ஆனால், குதிரை தெரிந்த ஒருவரிடமோ மருத்துவரிடமோ ஒருமுறை பார்த்துக் கற்ற பிறகு தொட்டால்தான் நல்லது.

நல்ல ஆள் என்று எப்படித் தெரியும்?

வந்ததும் கத்தியை எடுக்க மாட்டார். முதலில் குதிரையை நடக்கவிட்டுப் பார்ப்பார், சமதளத்தில் நிறுத்தி நான்கு கால்களையும் ஒப்பிடுவார். அடிப்பாகத்தைச் சிவக்கும்வரை சீவ மாட்டார். நடுவில் முக்கோணமாக, ரப்பர் போல இருக்கும் மெத்தையைத் தேவையில்லாமல் வெட்ட மாட்டார். அது குதிரைக்கு ஷாக் அப்சார்பர் மாதிரி. அளவுக்கு மீறி வளர்ந்த குளம்பை ஒரே நாளில் குட்டையாக்கவும் மாட்டார். நாலைந்து முறையாகக் கொண்டு வருவார். எல்லாவற்றுக்கும் மேலான பரீட்சை மறுநாள் காலையில் நடக்கும். சரியாகச் சீவிய குதிரை மறுநாள் நொண்டாது.

செலவைக் குறைக்கும் வழி

முதல் வழி, கூட்டு. ஏற்காடு மலையிலும் சேலத்தைச் சுற்றியும் குதிரை வைத்திருப்பவர்கள் ஐந்தாறு பேர் பேசி வைத்துக்கொண்டு, ஒரே நாளில் ஒரே இடத்துக்கு ஆளை வரவழைத்தால் பயணச் செலவு பிரிந்துவிடும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை என்று தேதியை நிரந்தரமாக்கினால், வருபவருக்கும் நிச்சயமான வருமானம். யாரிடம் விசாரிப்பது என்று தெரியவில்லையா? அந்தியூர் சந்தையில் குதிரை பார்க்கும்போதே, 'உங்க குதிரைக்கு யார் குளம்பு பார்க்கிறாங்க?' என்று விற்பவர்களிடம் கேட்டு, போன் நம்பரை வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது வழி, தினமும் பத்து நிமிடம். கொக்கி போல வளைந்த கம்பியால் நான்கு குளம்புகளிலும் உள்ள மண்ணையும் கல்லையும் எடுக்க வேண்டும். குதிகாலில் ஆரம்பித்து நுனியை நோக்கி இழுக்க வேண்டும். கால் தூக்கப் பழகிய குதிரை என்றால் சீவ வருபவருக்கும் வேலை சுலபம். உதைபடும் பயமில்லாமல் நிதானமாகச் செய்வார். ஓரங்களை அரத்தால் லேசாக உருட்டிவிட அவரிடமே கற்றுக்கொண்டால், இரண்டு வருகைகளுக்கு நடுவில் குளம்பு வெடிக்காமல் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வழி, காய்ந்த தரை. இந்த மலையில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. சேறும் சாணியும் கலந்த இடத்தில் நாள் முழுக்க நின்றால் குளம்பின் நடுவில் அழுகல் வரும். கறுப்பாகக் கசியும், நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும். லாயத்தில் ஒரு மூலையையாவது மேடாக்கிச் சரளை போட்டு, தண்ணீர் வடிய விட்டால் பாதி வைத்தியம் முடிந்தது.

சீவுபவரை அல்ல, மருத்துவரைக் கூப்பிட வேண்டிய நேரமும் உண்டு. குளம்பு சூடாக இருக்கிறது, குதிரை முன்னங்காலை நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்கிறது, நகர மறுக்கிறது என்றால் குளம்புக்குள் வீக்கம் இருக்கலாம். தானியம் அதிகமாகத் தின்றாலும் இது வரும். சுற்றுலா வருபவர்கள் ஆசையாக ஊட்டும் பிஸ்கட்டும் பிரெட்டும் குதிரைக்கு நல்லதில்லை என்பது இதனால்தான். ஒரே காலை ஊன்ற முடியாமல் திடீரென நொண்டினால் உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். இரண்டுக்குமே காத்திருக்கக் கூடாது. கால்நடை மருத்துவ உதவிக்கான 1962 என்ற எண்ணைக் குதிரைக்காரர்கள் போனில் பதிந்து வைத்துக்கொள்வது நல்லது.

நொண்டும் குதிரையை வேலைக்கு ஓட்டுவது, 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், கணக்குப் போட்டுப் பார்த்தாலும் நஷ்டம்தான். சவாரியை நம்பிப் பிழைக்கும் குடும்பத்தில், ஒரு மாதம் நொண்டும் குதிரை தின்னும் தீவனச் செலவில் வருடம் முழுக்கக் குளம்பு சீவ முடியும்.

ஆகவே, அடுத்த ஆடியில் அந்தியூருக்குக் கிளம்புகிறவர்கள் குதிரையின் சுழியைப் பார்க்கும் முன்பு குளம்பைப் பாருங்கள். அதைச் சீவ ஆள் கிடைத்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.