65 லட்சம் பெயரும் லட்சக்கணக்கான பக்கமும்: வாக்காளர் பட்டியலைச் சரிபார்ப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா? தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அடையாள அட்டை எண்ணைப் போட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கேள்வியைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். உங்கள் தொகுதியில் ஒரே அட்டை எண் இரண்டு இடத்தில் இருக்கிறதா? ஒரே முகவரியில் எத்தனை பேர்? போன முறை இருந்து இந்த முறை காணாமல் போனவர்கள் யார்? இதற்கெல்லாம் பட்டியல் முழுவதையும் கணினி படித்தாக வேண்டும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பட்டியல்தான் வெளியிடப்பட்டிருக்கே, அப்புறம் என்ன?

பிடிஎஃப் இரண்டு வகை. ஒன்றில் எழுத்து எழுத்தாகவே இருக்கும், தேடலாம், நகலெடுக்கலாம். இன்னொன்றில் ஒவ்வொரு பக்கமும் ஒரு போட்டோ மாதிரி. நம் கண்ணுக்கு எழுத்து, கணினிக்கு வெறும் புள்ளிகள். வாக்காளர் பட்டியலை இந்தப் பட வடிவில் வெளியிட 2018-ல் ஆணையம் முடிவெடுத்தது. அதை எதிர்த்து கமல்நாத் உச்ச நீதிமன்றம் போனார். அந்த ஆண்டு அக்டோபரில் மனு தள்ளுபடியானது. வேண்டுமென்றால் மனுதாரரே சொந்த முயற்சியில் மாற்றிக்கொள்ளலாம் என்றது நீதிமன்றம்.

அந்த 'சொந்த முயற்சி' எவ்வளவு பெரியது?

கணக்கு போட்டுப் பார்ப்போம்

பீகாரில் 2025 ஆகஸ்ட் 1-ல் வந்த வரைவுப் பட்டியலில் 7.24 கோடிப் பேர். வாக்குச்சாவடிக்கு ஒரு கோப்பு என்றால் 90 ஆயிரத்துக்கும் மேல். பக்கத்துக்கு 30 பெட்டி, பெட்டிக்கு ஒரு வாக்காளர். அப்படியென்றால் சுமார் 24 லட்சம் பக்கம்.

முதலில் கேப்சாவைத் தாண்டிக் கோப்புகளை இறக்க வேண்டும். பிறகு பக்கங்களைப் பெட்டி பெட்டியாக வெட்டி, படத்தில் இருப்பதை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் மென்பொருளிடம் கொடுக்க வேண்டும். இதற்கு டெசராக்ட் போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இந்தி, தமிழ் இரண்டும் படிக்கும். பக்கத்துக்கு 2 விநாடி என்று வைத்தால் ஒரே ஓட்டமாக 56 நாள். வேலையை 16 ஆகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டினால் மூன்றரை நாள்.

இவ்வளவுதானா என்று தோன்றும். நேரம் பெரிய பிரச்சினையே இல்லை. பிழைதான் பிரச்சினை.

ஓசிஆர் நூற்றுக்கு 99 எழுத்தைச் சரியாகப் படிக்கிறது என்றே வையுங்கள். அட்டை எண் பொதுவாக 3 ஆங்கில எழுத்து, 7 இலக்கம். பத்தும் சரியாக வர வாய்ப்பு 90 சதவீதம்தான். 7.24 கோடியில் மீதி 10 சதவீதம் என்றால் சுமார் 70 லட்சம் தப்பான எண்கள். பீகார் வரைவில் விடுபட்டவர்களே ஏறக்குறைய 65 லட்சம்தான்! உங்கள் கருவியின் பிழை, நீங்கள் தேடும் விஷயத்தைவிடப் பெரிதாகிவிடுகிறது.

சிலவற்றைப் பிடித்துவிடலாம். எழுத்து வர வேண்டிய இடத்தில் பூஜ்யம் வந்தால் தப்பு என்று நிரலே சொல்லிவிடும். ஆனால் 3-ஐ 8 என்று படித்தால்? இரண்டுமே இலக்கம்; இந்த எளிய சோதனையில் சிக்காது. இல்லாத 'இரட்டை வாக்காளர்' ஒருவர் பிறந்துவிடலாம்.

ஆணையத்தின் பதில் என்ன?

கோடிக்கணக்கானவர்களின் பெயர், வயது, முகவரியை மொத்தமாக அள்ளிக் கொடுத்தால் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்பது ஆணையத்தின் வாதம். இதை லேசில் ஒதுக்க முடியாது. ஆனால் பட வடிவம் யாரைத் தடுக்கிறது என்று பாருங்கள். சர்வரும் ஆட்களும் உள்ள கட்சியோ டேட்டா நிறுவனமோ எப்படியும் படித்துவிடும். நின்றுபோவது மாவட்டச் செய்தியாளர், சின்ன தன்னார்வ அமைப்பு, லேப்டாப் வைத்திருக்கும் நீங்கள்.

இடைப்பட்ட வழியும் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 14-ல் உச்ச நீதிமன்றம், பீகாரில் விடுபட்ட 65 லட்சம் பேரின் பட்டியலைக் காரணத்தோடு, அட்டை எண்ணால் தேடும்படி வெளியிடச் சொன்னது. தமிழ்நாட்டிலும் டிசம்பர் 19-ல் வந்த வரைவில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இங்கேயும் இதே கேள்விதான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

டேட்டா வேலை தெரிந்தவர் என்றால் ஒரு தொகுதியோடு ஆரம்பியுங்கள். மூலக் கோப்பைத் தொடாதீர்கள். எந்தக் கோப்பு தோற்றது என்று பதிவு வையுங்கள். சில நூறு பெட்டிகளையாவது கண்ணால் ஒப்பிட்டு, பிழை எத்தனை சதவீதம் என்று முடிவோடு சேர்த்தே சொல்லுங்கள். 'இரட்டைப் பதிவு' என்று யாரையும் சுட்டும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

அடுத்த முறை வாட்ஸ்அப்பில் 'இத்தனை லட்சம் போலி வாக்காளர்' என்று வந்தாலும், 'ஒரு தப்பும் இல்லை' என்று வந்தாலும், ஒன்றே ஒன்று கேளுங்கள்: இதை எப்படி எண்ணினார்கள்?