துணைவிக்கு ஏற்ற ஊர்தி எது?

இருசக்கர ஊர்தி வாங்குவது என்பது இன்று நம் குடும்பங்களில், நகை வாங்குவதற்கு அடுத்தபடியாக நெடுநேரம் பேசப்படும் பொருளாகிவிட்டது. மனைவிக்கு ஒரு வண்டி வாங்கலாம் என்று கணவர் முடிவு செய்தவுடன் சுற்றியுள்ள ஆடவர் அனைவரும் கருத்துரைக்க வந்துவிடுகின்றனர். மைத்துனர் ஒரு வண்டியின் பெயரைச் சொல்வார். அண்டை வீட்டார் வேறொன்றைச் சொல்வார். பழுதுபார்க்கும் பட்டறைக்காரர் மூன்றாவது ஒன்றைச் சொல்வார். அதனை ஓட்டப்போகும் பெண்மணியோ அடுக்களை வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். எல்லாம் முடிந்தபின், எந்த நிறம் வேண்டும் என்பதை மட்டும் அவரிடம் கேட்பார்கள். இவ்வழக்கம் மாறவேண்டும் என்பதே நம் கருத்து.

ஆடவர் ஒரு வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது இழுவைத்திறன், எரிபொருள் சிக்கனம், விற்றால் கிடைக்கும் விலை ஆகியவற்றைப் பார்க்கின்றனர். இவை தவறல்ல. ஆனால் வெளியே சொல்லாத நான்காவது காரணம் ஒன்றும் உள்ளத்தில் இருக்கிறது. ‘நமக்கும் அவ்வப்போது பயன்படுமே’ என்பதே அது. இந்த நான்காவது காரணம் நுழைந்தவுடன் வண்டி பெரிதாகிவிடுகிறது. இருக்கை உயர்கிறது, எடை கூடுகிறது, கியர் வந்து சேர்கிறது. பெயருக்கு அவள் வண்டி. அளவுக்கு அவன் வண்டி.

இராசிபுரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பணியாற்றும் ஆசிரியை ஒருவரை நாம் அறிவோம். கணவர் தாம் புதுவண்டி வாங்கியபோது, தம் பழைய மோட்டார் சைக்கிளை அன்போடு மனைவிக்கு அளித்தார். அன்பில் குறையொன்றுமில்லை. இரண்டாம் நாள், வீட்டுத் தெருவிலேயே, வண்டியைத் திருப்ப முயன்றபோது அது சாய்ந்தது. ஓடும்போது விழுந்ததன்று, நிற்கும்போது விழுந்தது. அவருடைய கால்கள் தரையை நன்கு எட்டவில்லை என்பதே காரணம். காயம் சிறிது, அச்சம் பெரிது. மூன்றாண்டுகள் அவ்வண்டி திண்ணையோரம் தார்ப்பாயின் கீழ்க் கிடந்தது. அவர் மாலை வகுப்பு முடிந்து பேருந்துக்காக நின்றார். பின்னர்த் தங்கையின் பழைய மொபெட்டில் பத்தே நாளில் ஓட்டப் பழகினார். முன்பு அவருக்குத் துணிவில்லை என்று பேசியவர்கள் இன்று அதைப்பற்றிப் பேசுவதில்லை.

புதிதாகப் பழகுவோர் பெரும்பாலும் விரைந்து செல்கையில் விழுவதில்லை. நிறுத்தும்போதும், திருப்பும்போதும், தள்ளும்போதும், ஸ்டாண்டு போடும்போதுமே விழுகின்றனர். எனவே வண்டியின் எடையும் இருக்கையின் உயரமும் முதற்கண் எண்ணத்தக்கவை. 350 சி.சி. புல்லட் ஏறத்தாழ 190 கிலோ எடையுள்ளது. நம் தெருக்களில் மிகுதியாகக் காணப்படும் 100 சி.சி. மோட்டார் சைக்கிள் 110 கிலோவை ஒட்டியது. கியரில்லா ஸ்கூட்டர்களும் ஏறக்குறைய அவ்வளவே எனினும், அவற்றின் இருக்கை தாழ்ந்தது; முன்புறம் காலைத் தூக்காமல் ஏறலாம். டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 போன்ற மொபெட்டோ 90 கிலோவுக்கும் குறைவு. ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண் 190 கிலோவை நிமிர்த்திப் பிடிப்பதற்கும் 90 கிலோவை நிமிர்த்திப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க அறிவியல் வேண்டியதில்லை. இரண்டு பாதங்களும் தரையில் பதியுமாறு அமரமுடிந்தால் பாதி அச்சம் போய்விடும்.

மற்றொன்று கைப்பழக்கம். திடுக்கிட்டவர் கையிலுள்ளதை இறுகப் பிடிப்பார். அவர் பிடித்திருப்பது ஆக்சிலேட்டர் என்றால் வண்டி பாயும். இழுவைத்திறன் குறைந்த வண்டி சற்றே நகரும். மிகுந்த வண்டி எதிர்ச்சுவரில் போய் நிற்கும். மின்சார ஸ்கூட்டர்கள் சில, ஓசையின்றி நின்று, முறுக்கிய கணமே முழு இழுவையைக் காட்டுபவை. முதற்பழக்கத்திற்கு அவற்றைத் தருவோர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேற்செல்லாத, 250 வாட் ஆற்றலுக்குட்பட்ட மின்வண்டிக்கு உரிமம் தேவையில்லை என்பது சட்டம். உரிமம் வேண்டாம் என்பதற்காகப் பயிற்சியும் வேண்டாம் என்று சிலர் கருதுகின்றனர். சாலையில் வரும் லாரிக்கு அந்தச் சட்டம் தெரியாது.

சிறிய வண்டி என்றால் இழிவு என்று எண்ணுவோர்க்கு நம் மண்ணின் வரலாற்றையே காட்டலாம். 1965-இல் தருமபுரி தனி மாவட்டமாகும் வரை சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது ஒசூர். அங்கிருந்துதான் 1980-இல், இருவர் அமரத்தக்க ஐம்பது சி.சி. டி.வி.எஸ். 50 வெளிவந்தது. நெசவாளரும் பால்காரரும் பள்ளி ஆசிரியரும் அதிலேயே ஊர்சுற்றினர். கியர் மாற்றும் தொல்லை இல்லாமையால் மிதிவண்டி ஓட்டத் தெரிந்தவர் எவரும் அதனை ஓட்டினர். தொண்ணூறுகளில் வந்த ஸ்கூட்டி, மகளிரை மனத்திற்கொண்டே விளம்பரப்படுத்தப்பட்டது.

பெண்களுக்கு ஏற்ற வண்டி எது என்பதை ஆடவர் ஊகித்தால் எவ்வளவு பிழைபடும் என்பதற்குத் தமிழகத்திலேயே சிறந்ததொரு சான்றுண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் பெண்களுக்கு அளித்தது. மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் இதற்கு ஊக்கமளித்தார். 1992 மகளிர் நாளில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டியில் ஊர்வலம் வந்தனர். பெண்களுக்கான மிதிவண்டி கிடைக்காமற்போகவே பலர் ஆடவர் வண்டியையே வாங்கினர். பின்னர் அதையே விரும்பினர் என்று இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையிலுள்ள கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாமே என்பது அவர்கள் சொன்ன காரணம்! அதனை எந்த ஆடவர் சிந்தித்திருப்பார்? சிறியதை வாங்குங்கள் என்று நாம் கூறுவதும், அவளைக் கேட்டபின்பே என்பதை இங்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

2018 பிப்ரவரி 24-இல் சென்னையில் தொடங்கப்பட்ட பணிபுரியும் மகளிர்க்கான இருசக்கர ஊர்தி மானியத் திட்டம் வண்டி விலையில் பாதி, அல்லது 25,000 ரூபாய், இவற்றுள் குறைந்ததை வழங்கியது. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்கு மானியம் இல்லை என்றும் அது வரையறுத்தது. அவ்வரையறை நல்ல வரையறை என்பது நம் எண்ணம். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கிடைத்ததும் பெருநன்மையே. எனினும் பேருந்து தன் நேரத்திற்கு வரும். வண்டி நம் நேரத்திற்கு வரும். வெண்ணந்தூரிலும் குமாரபாளையத்திலும் தறிக்கூடத்திலிருந்து இரவு திரும்பும் பெண்ணுக்கு இந்த வேறுபாடு நன்கு தெரியும்.

இதற்கு மறுப்பும் ஒன்றுண்டு. அது நியாயமான மறுப்பு. சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நாற்பத்துநான்காம் எண் தேசிய நெடுஞ்சாலையில் லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. லாரி கட்டும் தொழிலுக்கே பெயர்பெற்ற ஊர் நாமக்கல். அவ்வழியே பெருவண்டி ஒன்று விரைந்து கடக்கும்போது எழும் காற்றில் 90 கிலோ மொபெட் அசைந்துபோகும். நாள்தோறும் அந்நெடுஞ்சாலையில் முப்பது கிலோமீட்டர் செல்ல வேண்டியவர்க்கு மொபெட்டை நாம் பரிந்துரைக்க மாட்டோம். அவர்க்கு 110 சி.சி. ஸ்கூட்டர் பொருந்தும்; அதுவும் ஊர்த்தெருக்களில் ஓரிரு மாதம் பழகியபின்பே. ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையோ முதலாண்டில் நினைக்கவே வேண்டாம்.

ஆடை பற்றியும் கூறவேண்டும். சேலை முந்தானை, துப்பட்டா, பர்தாவின் கீழ்விளிம்பு ஆகியவை சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்கி நேர்ந்த விபத்துகள் பல. பின்சக்கரத்தில் பாதியேனும் மறையுமாறு தடுப்பு இருக்கவேண்டுமென மத்திய மோட்டார் வாகன விதிகளே கூறுகின்றன. அழகுக்காக அதனைக் கழற்றிவிடுவோரை என்னென்பது! சக்கரமும் இயந்திரமும் மூடப்பட்ட ஸ்கூட்டரே நம் பெண்களின் உடைக்கு மேலானது. பெண் வண்டி ஓட்டுவது முறையா என்று வினவும் பெரியோர் நம்மிடையே குறைந்து வருகின்றனர், எனினும் இருக்கின்றனர். நபிகளார் காலத்து அரபுப் பெண்கள் ஒட்டகத்திலேறிப் பயணம் செய்தவர்கள். சவூதி அரேபியாவிலும் 2018 ஜூன் 24 முதல் பெண்கள் கார் ஓட்டுகின்றனர். இதற்குமேல் இவ்வினாவிற்கு விடை தேவையில்லை.

உரிமம் எடுக்கும்போது ஒரு நுட்பம். கியரில்லா வண்டியில் ‘எட்டு’ போட்டுப் பெற்ற உரிமத்தைக் கொண்டு கியர் வண்டி ஓட்டலாகாது. அவசரத்திற்குக் கணவரின் வண்டியை எடுக்க நேரும் என்றால் முன்கூட்டியே அதற்கும் விண்ணப்பிக்கலாம். பழகுநர் உரிமம் ஆறு திங்கள் செல்லும். ஒரு திங்கள் கழிந்தபின் தேர்வுக்குச் செல்லலாம். அந்த ஒரு திங்களில் கற்றுக்கொடுப்பவர் கணவராக இல்லாதிருத்தல் நலம் என்பது நாம் பல இல்லங்களிற் கண்டது. ஏற்கெனவே ஓட்டும் தோழியோ நாத்தனாரோ பின்னால் அமர்ந்து சொல்லிக்கொடுத்தால் அதட்டல் குறையும். வண்டியின் பதிவும் அவர் பெயரிலேயே இருக்கட்டும்.

கடைக்குச் செல்லும்போது அவரையே அழைத்துச் செல்லுங்கள். அமர்ந்து பார்க்கட்டும், இரு கால்களையும் ஊன்றட்டும், இயந்திரத்தை அணைத்துவிட்டு வண்டியைப் பின்னோக்கித் தள்ளட்டும், சென்டர் ஸ்டாண்டைத் தாமே போட்டு எடுக்கட்டும். விற்பனையாளர் அவரை விட்டுக் கணவரிடமே பேசிக்கொண்டிருந்தால் அடுத்த கடைக்குச் செல்லலாம். ஈராண்டு ஓட்டியபின் இவ்வண்டி போதவில்லை, பெரியது வேண்டும் என்று அவரே கேட்பாராயின் மகிழ்ந்து வாங்கிக் கொடுங்கள். பழைய மொபெட் நம் பக்கத்தில் விலைபோகாமற் கிடப்பதில்லை. முட்டை வியாபாரியோ தறிக்காரரோ வாசலிலேயே வந்து கேட்பார்.