மனதைக் கவனிக்கட்டும், நிறுவையையும் கவனிக்கட்டும்

தொழிலிடத்துக்கு மன அமைதிப் பயிற்சியைக் கொண்டுவருவது இப்போது உலகெங்கும் நடக்கிறது. 'மைண்ட்ஃபுல்னஸ்' என்கிறார்கள். விடும் மூச்சிலும் செய்யும் வேலையிலும் மனதை நிறுத்திப் பழகுவதுதான் அது. கம்பனி காசு போடும், பல்கலைக்கழகம் பாடமும் ஆராய்ச்சியும் தரும். இந்தக் கூட்டு நாளை தோட்டத்துக்கும் வரலாம். அப்போது நாம் என்ன சொல்லப்போகிறோம் என்பதை இப்போதே பேசிக்கொள்வது நல்லது.

பயிற்சியை நாம் பழிக்கவில்லை. அதன் வேர் புத்தர் போதித்த தியானத்தில் இருக்கிறது. கண்டி உடவத்தகெலே வனத்தில் வாழ்ந்த, ஜெர்மனியில் பிறந்த ஞானபோனிக தேரரின் நூலும் அதை மேற்கு நாட்டாருக்கு அறிமுகப்படுத்தியது. 1979இல் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜோன் கபட்-சின் அதை 8 வாரப் பயிற்சியாக்கினார். தீராத வலியோடு வாழும் நோயாளர்களுக்காகத் தொடங்கியது அது. கம்பனிகள் கையில் எடுத்தது பிறகுதான்.

அந்தப் பயிற்சியில் வகுப்பு போக, வீட்டிலும் தினம் 45 நிமிடம் அளவில் உட்கார வேண்டும். விடியுமுன் எழும்பி, அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, பொழுது சாய லயத்துக்குத் திரும்பும் பெண்ணுக்கு அந்த 45 நிமிடத்தை யார் தருவது? கவனம் என்பது அவளுக்குப் புதிதுமில்லை. இரண்டு இலையும் மொட்டும் பார்த்துக் கிள்ளும்போதே கால் வழுக்கும் இடம், அட்டை, செடிக்குள் மறைந்த குளவிக்கூடு எல்லாவற்றிலும் ஒரு கண் வைத்திருப்பவள் அவள்.

பிரித்தானியாவில் 233 நிறுவனங்களின் 46,336 தொழிலாளரிடம் பெற்ற தகவல்களை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் வில்லியம் ஃபிளெமிங் ஆராய்ந்தார். 2024இல் அச்சான அந்த ஆய்வின்படி, மைண்ட்ஃபுல்னஸ் போன்ற பயிற்சிகளில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட மனநலத்தில் மேம்பட்டிருக்கவில்லை. அது ஒரே தடவை எடுத்த கணக்கு, முடிந்த முடிவல்ல. ஆனாலும் தொழிலாளியை மட்டும் மாற்றப் பார்க்காமல் வேலை நடக்கும் முறையை மாற்றுங்கள் என்று அவர் சொல்வது நம் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. கிலோ குறைந்தால் அரைப்பேர். நிறுவையில் கழிவு. இரவில் ஒழுகும் கூரை. இவற்றை அப்படியே விட்டுவிட்டு மூச்சை மட்டும் கவனிக்கச் சொல்வது என்ன நியாயம்?

கம்பனியும் கல்விமான்களும் சேர்வது தேயிலைக்குப் புதிதல்ல. தேயிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1925இல். தலவாக்கலையில் இயங்கும் அந்த நிலையம் கன்றின் இனம், உரம், கொப்புள நோய் என்று செடியை ஆராய்ந்தது, பலனும் கிடைத்தது. செடி வாய் திறக்காது, அதனால் மேசையில் அதற்கு நாற்காலி தேவைப்படவில்லை. மனிதரை ஆராய வருபவர்கள் அந்த வழக்கத்தோடு வரக்கூடாது.

மேசையில் மூன்றாவது நாற்காலி நமக்கு வேண்டும். வகுப்பு தமிழில், வேலை நேரத்துக்குள், பேர் குறையாமல் நடக்க வேண்டும். சேர மறுப்பவர் மீது பழி வரக்கூடாது. முதல் வகுப்பில் துரைமாரும் கங்காணிமாரும் உட்காரட்டும்; மலையில் சத்தம் போடுபவர்களுக்குத்தான் பொறுமை முதலில் தேவை. மன அழுத்தம் பற்றி நம் பெண்கள் சொல்வது பெயரோடு ஆபீசுக்குப் போகக்கூடாது. ஆய்வு முடிந்ததும் அதன் முடிவைத் தோட்டத்தில் எல்லோர் முன்பும் வாசிக்க வேண்டும். வேலைச்சுமையே காரணம் என்று அது சொன்னால், அதைக் குறைப்பதாகக் கம்பனி முன்கூட்டியே எழுதித் தர வேண்டும்.

இப்படியொரு படிவம் உங்கள் தோட்டத்துக்கு வந்தால் கையெழுத்து வைக்குமுன் தலைவரிடமும் மாதர் தலைவியிடமும் காட்டுங்கள். ஒரு பிரதியை மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்பிவையுங்கள்.