ரசிகர் கூட்டிய நீதிமன்றம்

ஷூ டகுமி உருவாக்கி, காப்காம் நிறுவனம் 2001-இல் ஜப்பானில் வெளியிட்ட 'ஏஸ் அட்டர்னி' என்னும் விளையாட்டில், குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் நாமே. சாட்சி சொல்லும் பொய்யைத் தக்க தடயம் காட்டி உடைக்க வேண்டும். அதன்மீது கொண்ட பற்றினால் ரசிகர்கள் 'பைரைட்' முதலிய மென்பொருள்களைக் கொண்டு புதுப்புது வழக்குகளைப் புனைகின்றனர். காசு கருதாத அவ்வுழைப்பை மெச்சுகிறோம். கதையும் சிலவற்றில் மூலத்துக்கு இளைத்ததன்று. ஆனால் எழுதியவருக்கு விடை முன்பே தெரியுமல்லவா? நாம் தடுமாறும் இடம் அவர் கண்ணில் படுவதில்லை. ஒரே பொய்யை இரு தடயங்கள் வெளிப்படுத்தினாலும், அவர் எண்ணியதை மட்டுமே நீதிபதி ஏற்கிறார். மற்றதைக் காட்டினால் தண்டனை! சரியாகச் சிந்தித்தவரைத் தண்டிப்பது எவ்வகை நீதி? முடிவில்லாத உரையாடலைக்கூடப் பொறுத்துக்கொள்வோம், இதைப் பொறுப்பதற்கில்லை. வெளியிடுமுன் கதையறியாத தோழி ஒருத்தியை ஆடவிட்டு, அவள் நீட்டும் தடயங்களைக் குறித்துக்கொண்டாலே போதுமே.